1,500 ரூபாயில் கிறிஸ்துமஸ் முன்வாசல்: எதற்குச் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி இதுதான்: தூத்துக்குடியில் வாடகை வீடு. தெருவைப் பார்த்த சின்ன வராந்தா, அதற்கு இரும்பு கிரில், முன்னால் நாலு படி. கிறிஸ்துமஸுக்கு அதை அலங்கரிக்க வேண்டும், 1,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். என்ன செய்யலாம்?

எங்கள் கோயில் வாலிபர்களோடு சேர்ந்து வருஷா வருஷம் வீடுகளுக்கு ஸ்டார் கட்டுவதும் குடில் போடுவதும் எனக்கு வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், 1,500 தாராளமாகப் போதும். ஆனால் ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். அங்கே எல்லாமே 40, 60, 80 ரூபாய் என்று சின்னச் சின்ன விலையில் தொங்கும். ஜிகினாத் தோரணம், பிளாஸ்டிக் மணி, தெர்மோகோல் தாத்தா என்று கூடையில் போட்டுக்கொண்டே போனால் பில் ஆயிரத்தைத் தாண்டும். வீட்டில் கொண்டுவந்து மாட்டினால் தெருவில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முன்வாசல் அலங்காரத்தை ஊர் பார்ப்பது இருட்டிய பிறகுதான். டிசம்பரில் ஆறரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். அப்போது கண்ணில் படுவது வெளிச்சம் மட்டுமே. அதனால் கையில் இருப்பதில் பெரும் பங்கை ஒரு பெரிய ஸ்டாருக்கும் ஒரே நிறத்தில் எரியும் விளக்குகளுக்கும் ஒதுக்குங்கள். பகலில் தெரியப்போகிற மற்றதெல்லாம் இலை, ஓலை, காய் என்று காசில்லாமல் கிடைப்பதாக இருக்கட்டும். இனி வருவதெல்லாம் இதன் விவரம்தான்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி ஏழு மணிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். வராந்தாவில் டியூப்லைட் எரிகிறதா? அதுதான் முதல் எதிரி. அந்த வெள்ளை வெளிச்சத்தில் எவ்வளவு நல்ல ஸ்டாரும் செத்துப்போகும். கிறிஸ்துமஸ் முடியும் வரை அதை அணைத்துவிட்டு, ஆள் நடமாடத் தேவையான அளவுக்கு மஞ்சள் நிற எல்இடி பல்பு ஒன்றைப் போடுங்கள். அப்புறம் ஒட்டடை அடித்து, செருப்பு ஸ்டாண்டு, காலி சிலிண்டர், ஓடாத சைக்கிள் எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் செலவே இல்லை, ஆனால் பாதி அலங்காரம் இதிலேயே முடிந்துவிடும்.

ஸ்டாருக்கு வருவோம். நம் பக்கத்தில் டிசம்பர் 1ஆம் தேதியே பல வீடுகளில் ஏறிவிடும். கடையில் வாங்குவதாக இருந்தால் காகித ஸ்டாரைத் தவிர்த்து பிளாஸ்டிக் பூச்சுள்ளதை வாங்குங்கள். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதை ஒவ்வொரு வருஷமும் மறந்துபோகிறோம். 2023 டிசம்பர் 17, 18இல் நம் மாவட்டத்தில் கொட்டியது நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த அளவுக்குப் பெய்ய வேண்டாம், ஒரு சாரல் போதும், காகித ஸ்டாரின் காதுகள், அதாவது முனைகள், தொங்கிவிடும். மழையே இல்லாவிட்டாலும் விடியற்காலைப் பனி நசநசவென்று ஊறவைத்துவிடும்.

செய்யத் தெம்பிருந்தால் வீட்டிலேயே செய்யுங்கள். கடை ஸ்டாரைவிடப் பெரிதாக வரும், சட்டம் பல வருஷம் உழைக்கும். இரண்டடி நீளத்தில் பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். மூங்கில் கிடைக்காவிட்டால் தென்னை ஈர்க்குகளை நாலைந்தாகச் சேர்த்துக் கட்டியும் செய்யலாம். ஒவ்வொரு சிம்பிலும் இரண்டு முனைகளிலிருந்தும் 9 அங்குலத்தில் குறி போடுங்கள், நடுவில் 6 அங்குலம் மிஞ்சும். ஐந்து சிம்புகளை நட்சத்திரமாக அடுக்கும்போது இந்தக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் ஸ்டார் கோணாமல் நிற்கும். பலருக்கும் ஒரு காது நீண்டு ஒரு காது குட்டையாகப் போவது, குறி போடாமல் கண் திட்டத்தில் கட்டுவதால்தான். இப்படி இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்து நூலால் இறுக்குங்கள். உள்ளே குறிகள் சந்திக்கும் ஐந்து இடங்களில் 6 அங்குலக் குச்சியை இரண்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு பல்பு வைக்க இடம் வந்துவிடும்.

மேலே ஒட்ட வண்ணக் கண்ணாடிக் காகிதம் நல்லது, தண்ணீர் இறங்காது. வெள்ளை பாலித்தீன் ஷீட் ஒட்டி உள்ளே மஞ்சள் பல்பு போட்டால் இன்னும் அழகு என்பது என் கட்சி. மைதாப் பசை வேண்டாம், மழையில் கரையும், கரப்பானும் தேடி வரும். அந்தக் காலத்தில் அதற்காகவே பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். இப்போது அகலமான செல்லோ டேப்பே போதும், சட்டத்தைச் சுற்றி மடித்து உள்பக்கமாக ஒட்டுங்கள். பின்பக்கம் ஒரு காதை மட்டும் ஒட்டாமல் விட்டுவையுங்கள், பல்பு மாற்றக் கை போக வேண்டும்.

பல்பு கண்டிப்பாக எல்இடி. குண்டு பல்பு போட்டால் சூட்டில் காகிதம் முதலில் பழுப்பாகும், அப்புறம் ஓட்டை விழும், சில சமயம் பற்றியும் கொள்ளும். கணக்கும் பாருங்கள். 40 வாட் குண்டு பல்பு தினம் ஆறு மணி நேரம், 25 நாள் எரிந்தால் 6 யூனிட். 5 வாட் எல்இடிக்கு அதே கணக்கில் முக்கால் யூனிட்தான். இலவச யூனிட்டுக்குள்ளேயே ஓட்டுகிற வீடு என்றால் இந்த வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் ஸ்டாரோடு நாலு செட் பழைய சீரியல் பல்பும் சேர்ந்தால் பில்லில் தெரியும்.

மழைத் தண்ணீர் ஹோல்டருக்குள் இறங்காமலிருக்க ஒரு சின்ன வேலை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலைப் பாதியாக வெட்டி, மேல் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் ஒயர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஒயரை அதன் வழியாக விட்டு ஹோல்டரை மாட்டினால் பாட்டில் குடையாக நிற்கும். மூடி ஓட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை இறுக்கச் சுற்றிவிடுங்கள். எல்இடி என்பதால் சூட்டில் பிளாஸ்டிக் உருகும் பயமும் இல்லை.

ஆணி அடிக்காமல் எப்படித் தொங்கவிடுவது? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தண்ணீர் வழிய ஓட்டையோ ஜாலியோ இருந்தால் அதில் நைலான் கயிற்றைக் கட்டி முன்பக்கமாக இறக்கலாம். அது இல்லையென்றால் கிரிலின் மேல் கம்பியில் ஒரு மூங்கிலை இரண்டு இடத்தில் கட்டி, தெருப்பக்கம் இரண்டடி நீட்டி விடுங்கள். எப்படிக் கட்டினாலும் கீழ்க் காதுகள் இரண்டிலிருந்தும் மெல்லிய நூலைக் கொண்டுவந்து கிரிலில் கட்டிவிட வேண்டும். கடல் காற்றுக்கு ஸ்டார் சுற்ற ஆரம்பித்தால் ஒயர் முறுக்கிக்கொண்டு ஒரே வாரத்தில் ஹோல்டரிலிருந்து பிய்ந்துவிடும். அடி முனை தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே வர வேண்டாம். கேரல் பாட வருகிறவர்களில் உயரமான தம்பி ஒருவர் எப்படியும் இருப்பார்.

சீரியல் லைட்டில்தான் சிக்கனம் பார்க்கிறவர்கள் ஆபத்தை வாங்குகிறார்கள். வீதியோரத்தில் கிடைக்கும் மலிவான செட்டுகள் பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவை. ஒயரின் தோல் எங்காவது உரிந்து இரும்பு கிரிலைத் தொட்டால் கிரில் முழுக்க மின்சாரம். மழை, ஈரத்தரை, வெறுங்கால், கிரிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள், இத்தனையும் ஒரே இடத்தில் இருக்கிறது உங்கள் வராந்தாவில். ஆகவே இரும்பில் சுற்றப்போகிறீர்கள் என்றால் அடாப்டரோடு வரும் 5 அல்லது 12 வோல்ட் எல்இடி சரத்தை வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும். இரண்டு செட் வாங்க நினைத்த இடத்தில் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். அடாப்டரும் பிளக்கும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், சரம் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வரட்டும். ஒயர் ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலேறும்படி விட்டால், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக் வரை போகாது.

பரணில் பழைய சின்ன பல்பு சீரியல் செட் இருந்தால், அதை வெளியே போடாதீர்கள். ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும் என்பது மட்டும் அதன் குறை இல்லை. அணைந்துவிட்டதே என்று நினைத்து பல்பு உடைந்த இடத்தில் விரலை வைத்தால் அங்கே முழு மின்சாரம் காத்திருக்கும்.

சரத்தை எங்கே சுற்றுவது? கிரில் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டாம், அதற்கு மூன்று செட்டாவது பிடிக்கும், அப்படியும் இடைவெளி தெரியும். வராந்தாவின் மேல் விளிம்பை மட்டும் ஒரு நேர்க்கோடாகப் பிடியுங்கள், மிச்சமிருந்தால் படியின் இரண்டு ஓரங்களுக்கும் இறக்குங்கள். வீட்டின் வடிவம் இருட்டில் கோட்டோவியமாகத் தெரிந்தால் போதும். நிறத்தில் என் விருப்பம் இளமஞ்சள். பல நிறத்தில் மினுக் மினுக்கென்று ஓடவிட்டால் கண் அதன் பின்னாலேயே ஓடும், ஸ்டாரைப் பார்க்காது. பிள்ளைகள் கலர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விட்டுக்கொடுங்கள், ஆனால் மினுக்கும் பொத்தானை நிறுத்திவையுங்கள்.

இனி பச்சை. இதில் காசு கரையவே கூடாது. தென்னங்குருத்தோலை கிடைத்தால் தோரணம் கட்டத் தெரிந்தவர் தெருவில் ஒருவராவது இருப்பார். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை முடையும் கைகளுக்கு ஓலையில் ஸ்டார் முடைவதும் கடினமில்லை. நம் மாவட்டத்தில் பனை ஓலைக்குப் பஞ்சமும் கிடையாது. மணப்பாடு பக்கம் பெண்கள் முடையும் பனை ஓலைப் பொருள்கள் பேர்போனவை. ஓலை ஸ்டார் நனைந்தாலும் காய்ந்து பழையபடி நிற்கும். சின்னதாகப் பத்துப் பன்னிரண்டு முடைந்து, சிவப்பு நூலில் வேறு வேறு உயரத்தில் கிரிலில் தொங்கவிட்டுப் பாருங்கள், எந்த பிளாஸ்டிக் மணியும் கிட்டே வராது.

மரம் வேண்டுமென்றால் சவுக்குக் கிளைதான். பெயிண்ட் டப்பாவில் ஈர மணலை நிரப்பி நட்டு, டப்பாவுக்குச் சாக்குத் துணி சுற்றுங்கள். வெட்டிய கிளை ஒரு வாரத்துக்கு மேல் பச்சையாக நிற்காது, ஆகவே 20ஆம் தேதிக்கு முன்னால் வெட்டிக் கொண்டுவர வேண்டாம். சவுக்கு மெல்லிய கிளை, கனத்தைத் தாங்காது. கண்ணாடி உருண்டைகளுக்குப் பதிலாகப் புன்னைக்காயைப் பொறுக்கி வந்து தங்க நிற பெயிண்ட் அடியுங்கள். கச்சிதமான உருண்டை, காய்ந்தது பஞ்சுபோல லேசு. சவுக்கு மரத்தின் அடியிலேயே கிடக்கும் குட்டிக் காய்கள், உதிர்ந்த தென்னங்குரும்பை, எல்லாமே பெயிண்ட் ஏறும். சின்ன டப்பா தங்கப் பெயிண்ட் ஒன்று எல்லாவற்றுக்கும் போதும்.

வீட்டில் குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தால் அவற்றைப் படியின் இரு பக்கமும் உயரவாரியாக வரிசைப்படுத்துங்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அதிலேயே இருக்கின்றன. உங்களிடம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து நாளைக்கு இரவல் கேட்கலாம், தொட்டியோடு திருப்பிக் கொடுக்கும்போது ஒரு தட்டு முறுக்கும் கேக்கும் போனால் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

குடில் வைப்பது உங்கள் விருப்பம். கத்தோலிக்க வீடுகளில் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை, மற்ற சபை வீடுகளில் சிலர் வைக்கிறார்கள், சிலர் ஸ்டாரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முழு சுரூப செட், அதாவது குடில் பொம்மைகள் மொத்தமும், வாங்கினால் உங்கள் பட்ஜெட் அங்கேயே தீர்ந்துபோகும். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் வைத்த குடிலில் சுரூபமே கிடையாது. வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். அதனால் இந்த வருஷம் மாதா, சூசையப்பர், பாலன் இயேசு மூன்று மட்டும் வாங்குங்கள். இடையர்களும் ராஜாக்களும் அடுத்தடுத்த வருஷங்களில் வந்து சேரட்டும். மதுரைப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் விளாச்சேரியில் மண் சுரூபம் வாங்கிவரச் சொல்லலாம். கொலு பொம்மை செய்யும் அதே ஊர்தான், கிறிஸ்துமஸ் குடில் செட்டும் செய்கிறார்கள்.

மலைக்கு சிமெண்ட் சாக்கின் உள் காகிதத்தைக் கசக்கி விரித்து, காவியும் கரித்தூளும் கரைத்துத் தெளித்தால் பாறையாகவே தெரியும். புல்லுக்கு மரக்கடையில் மரத்தூள் வாங்கிப் பச்சைச் சாயத்தில் பிரட்டிக் காயவைக்கலாம். நான் சொல்வது முளைப்புல். கோதுமையை ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய தட்டில் மண் பரப்பி 14ஆம் தேதி வாக்கில் தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் 24ஆம் தேதிக்கு நாலு விரல் உயரத்துக்கு நிற்கும். கேழ்வரகு குட்டையாக, மெத்தென்று வரும். குடிலை வராந்தாவின் உள் மூலையில், ஒரு பழைய ஸ்டூலின் மேல் வையுங்கள். தரையில் வைத்தால் சாரலும் அடிக்கும், தெரு ஆடும் எட்டிப் பார்க்கும். வைக்கோலும் பச்சைப் புல்லும் அதற்கு விருந்துதானே. பாலனை 24 ராத்திரி பூசை முடிந்து வந்துதான் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குடிலுக்குள் மெழுகுவத்தி வேண்டாம், வைக்கோல் இருக்கிறது. சரத்தின் கடைசி நாலு பல்பை உள்ளே திருப்பிவிட்டால் போதும்.

வாசலில் கோலம் போடும் வழக்கம் இருந்தால் டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும், கலர் பொடி தெருவுக்குத் தெரு வந்துவிடும். மழை வரும் போல இருந்தால் வெளியே போடாமல் வராந்தாத் தரையிலேயே சின்னதாக ஒரு நட்சத்திரக் கோலம். நடுவில் கொஞ்சம் இடம் விடுங்கள், கேரல் பாடும் கீத பவனி வரும்போது டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் நிற்க வேண்டும்.

வேண்டாதவையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சை ஒட்டிப் பனி காட்டுவதை வெளியே செய்யாதீர்கள், ஒரு மழைக்கு அழுக்குக் கந்தலாகிவிடும். பலூன் வெயிலில் இரண்டு நாள் தாங்காது. தெர்மோகோலை காற்று தெரு முழுக்கப் பரப்பும், அப்புறம் பெருக்குவது நீங்கள்தான். சரமாகப் பூ வாங்குவதையும் யோசித்துச் செய்யுங்கள், பண்டிகை நெருங்கினால் விலை ஏறும், மறுநாளே வாடும். வாசல் நிலைக்கு மட்டும் ஒரு முழம் செவ்வந்தி போதும்.

பணத்தை நான் பிரிப்பது இப்படி: ஸ்டாருக்கு 400, அடாப்டரோடு சரத்துக்கு 450, ஒயர், ஹோல்டர், பல்பு, கயிறு, டேப்புக்கு 250, மூன்று சுரூபங்களுக்கு 250. கைக்காவலாக 150 மிஞ்சும், தங்கப் பெயிண்ட், நூல், கோதுமை எல்லாம் அதில் அடங்கும். கடைக்குக் கடை விலை மாறும். ஸ்டாரை வீட்டிலேயே செய்தால் அதில் பாதிக்கு மேல் மிஞ்சும், அதை விளக்கில் போடுங்கள். குடில் வேண்டாம் என்றால் அந்த 250க்கு இன்னொரு சரம் வாங்க முயலாமல் நல்ல தரமான ஒயர் வாங்குங்கள்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கழற்றும்போது சரத்தை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள், உருட்டிப் பைக்குள் திணித்தால் அடுத்த வருஷம் சிக்கெடுப்பதற்குள் பொறுமை போய்விடும். வீட்டில் செய்த ஸ்டாரின் மேல் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பரணில் போடுங்கள், தாளோடு வைத்தால் எலி உள்ளே குடிபோகும். அதே வாரத்தில் கடைப்பக்கம் ஒரு நடை போங்கள். விற்காமல் மிஞ்சிய சரமும் சுரூபமும் விலை குறைத்துக் கேட்டால் தருவார்கள். இடையர்களை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.